மேஜைக்கடியில் வெந்நீர் வாளி

உலகநாதன் தன் வேலை மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். மூடி கழற்றிய ஆம்ப்ளிஃபையர் ஒன்று அவர் முன்னால் இருந்தது. அதன் இரும்புப் பெட்டியை இரண்டு கைகளும் இறுக்கிப் பிடித்திருந்தன. காலில் செருப்பில்லை.

ஆடி வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஏழு மணி இருக்கும். கோவில்பதாகைத் தெருக்களில் திரும்பின பக்கமெல்லாம் அம்மன் பாட்டு. ஒரு ஒலிபெருக்கிக் குழாய் ஓய்ந்தால் அடுத்த தெருக் குழாய் எடுத்துக் கொடுக்கும். சப்-இன்ஸ்பெக்டர் சொர்ணம் ஜீப்பிலிருந்து இறங்கியபோது, இந்த ஒரு கடை மட்டும்தான் அந்தத் தெருவில் அமைதியாக இருந்தது.

மின் ஆய்வாளர் டார்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"உள்ள கரண்ட் ஒயர் உரசிப் பிஞ்சு பெட்டியத் தொட்டுக்கிட்டு இருக்கு மேடம். ரப்பர் பாயைச் சுருட்டி மூலையில வெச்சுட்டு, வெறுங்காலோட வேலை பாத்திருக்காரு. அஜாக்கிரதை. வேற என்ன சொல்ல?"

உள்வாசல் நிலையில் சாய்ந்து நின்ற பெண் சட்டென்று தலை தூக்கினாள். உலகநாதனின் மனைவி ராணி. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு ஷிப்ட் ஆயா. முன்னறை கடை, பின்னறை வீடு. பகலெல்லாம் பின்னறையில் தூங்கி, பொழுது சாயும்போது எழுந்து வேலைக்குப் போகிறவள்.

"அந்த வார்த்தைய மட்டும் எழுதாதீங்க மேடம்" என்றாள். "கரண்டு ஓடுற சாமானத் தொடும்போது இடது கையப் பேண்ட் பாக்கெட்ல விட்டுக்குவாரு. ரெண்டு கையும் பட்டா நெஞ்சு வழியா கரண்டு போகும்னு சொல்வாரு. எனக்கு மிக்ஸிய ரிப்பேர் பண்ணும்போதுகூட அப்படித்தான். அவரு அஜாக்கிரதையா செத்தாருன்னு எழுதினா, அந்த மண்டபத் தீயும் அவராலதான்னு ஆயிடும். ஆள்தான் போயிட்டாரு. பேராவது இருக்கட்டும்."

மண்டபத் தீ சொர்ணத்துக்குத் தெரிந்த கதைதான். போன மாதம் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் 'இடியோசை' என்ற பெயர் போட்ட ஆம்ப்ளிஃபையர் பாட்டுக்கு நடுவே தீப்பிடித்தது. மேடைத் திரை பற்றிக்கொண்டது. சவுண்ட் சர்வீஸ் ராகேஷின் தம்பிக்கு இரண்டு கைகளும் வெந்துபோய், இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அந்தப் பெட்டியைக் கடைசியாகத் திறந்து பார்த்தவர் உலகநாதன். வால்யூம் திருகு ஒன்றைத்தான் மாற்றினேன் என்று அவர் தலையில் அடித்துச் சொல்லியும், ஊர் வாயை யார் மூடுவது?

இப்போது மேஜைமேல் இருப்பதும் இடியோசைதான். அதே மாடல், புத்தம் புதிது.

சொர்ணம் போலீசுக்கு வருமுன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். அந்த வாசனை விட்டுப்போகவில்லை. மேஜையைச் சுற்றி வந்தாள். ஆம்ப்ளிஃபையரின் பிளக், சீரிஸ் பல்புப் பலகையில் சொருகியிருந்தது. மரப் பலகை, அதில் ஒரு பழைய குண்டு பல்பு, பக்கத்தில் ஒரு பிளக் ஓட்டை, அவ்வளவுதான். கோளாறான சாமானை நேரே கரண்டில் சொருகினால் புகைந்துவிடும். பல்பு வழியாகக் கொடுத்தால், கோளாறு இருக்கும்போது பல்பு பளிச்சென்று எரிந்து சாமானைக் காப்பாற்றும். சாமானை மட்டும்தான் காப்பாற்றும், தொடுகிற ஆளை அல்ல.

ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்திலிருந்து இரண்டு ஒயர்கள் சுவரோரம் நின்ற பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் போயின. மூலையில் சக்கரமும் பேட்டரியும் வைத்த டிராலி ஸ்பீக்கர் ஒன்று நின்றது.

"உஸ்ஸ்!" என்று மேஜையடியிலிருந்து சத்தம் வந்தது. ஏட்டு பார்த்தசாரதி கையை உதறிக்கொண்டிருந்தார்.

"என்ன ஏட்டய்யா?"

"கை கழுவலாம்னு வாளியில விட்டேன் மேடம். தண்ணி சுடுது. கடையில எவனாவது வாளி நிறைய வெந்நீர் வெச்சிருப்பானா? குளிக்கப் போறாரா, என்னமோ."

தடயம் இருக்கும் இடத்தில் கை கழுவலாமா என்று சொர்ணம் முறைத்தாள். வெந்நீர் பற்றி அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

*

பிணத்தை முதலில் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எதிர்த்த டீக்கடை யூசுப். இன்னொருவர் ஸ்ரீராம். திருமழிசைத் தொழிற்பேட்டையில் இடியோசை ஆம்ப்ளிஃபையர் தயாரிக்கும் பட்டறை அவருடையதுதான். இஸ்திரி கலையாத சட்டை, காதில் ஒயரில்லாத இயர்போன் ஒன்று. குரல் வெண்ணெய் தடவினாற்போல் இருந்தது.

"எதுக்கு வந்தீங்க?"

"உலகநாதன் சார்தான் கூப்பிட்டாரு மேடம். தீப்பிடிச்ச விஷயமா பேசணும்னாரு. அஞ்சரைக்கே வந்துட்டேன். உள்ள பாட்டு ஓடிட்டிருந்தது. டெஸ்ட் பண்றாரு, தொந்தரவு பண்ண வேணாம்னு எதிர்ல டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தேன்."

"அப்புறம்?"

"ஆறரை வாக்கில பாட்டு சட்டுனு நின்னுச்சு. என்னவோ சரியில்லன்னு பட்டுது. டீக்கடை யூசுப் பாயைக் கூட்டிக்கிட்டு ஓடினேன். மொதல்ல மெயினை அணைச்சேன்."

"பாட்டு நிக்கிறதுக்கு முன்னாடி கடைக்குள்ள போனீங்களா?"

"கால்கூட வைக்கலை மேடம்."

யூசுப் அதையே சொன்னார். "ஆமா மேடம். ஒரு மணி நேரமா நம்ம பெஞ்சுலதான் குந்திகினு இருந்தாரு. போனை நோண்டிகினே, நாலு பேருக்கு போண்டா வாங்கிக் குடுத்துகினு. நல்ல மனுசன். பாட்டு கட் ஆச்சு, ரெண்டு பேரும் ஓடினோம். பார்த்தா அண்ணாத்தே இப்டி கீறாரு. 'பாய், அந்தம்மாவ எழுப்பு'ன்னாரு இவரு. நான் பின்பக்கம் ஓடினேன்."

"பாட்டு எப்படி இருந்துச்சு?"

"எப்டின்னா? கணீர்னு இருந்துச்சு. தெருவே அதிர்ந்துச்சு."

"இதுக்கு முன்னாடியும் இங்க அப்படிப் பாட்டு கேட்டிருக்கீங்களா?"

யூசுப் தாடையைச் சொறிந்தார். "நான் கடை போட்டு ரெண்டு மாசம்தான் ஆவுது மேடம். ஆடி மாசத்துல எது எந்தப் பாட்டுன்னு யாருக்குத் தெரியும்?"

ராணியிடம் வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பாட்டுச் சத்தத்துலதான் முழிச்சேன்" என்றாள். "கல்யாணம் ஆன நாள்லருந்து இல்லாம, என்னைக்கும் இல்லாம இன்னைக்குப் பாட்டு. எரிச்சலா வந்துச்சு. 'கொஞ்சம் கொறைச்சுத் தொலைங்களேன், மனுசி தூங்க வேணாமா'ன்னு உள்ளருந்தே கத்தினேன். பதில் இல்ல. தலகாணிய எடுத்துக் காதுல அமுக்கிக்கிட்டேன்." அவள் குரல் உடைந்தது. "கடைசியா அவர்கிட்டப் பேசினது அதுதான் மேடம்."

சொர்ணம் எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான்.

எட்டு மணிக்குள் ராகேஷும் பிடிபட்டான். ஆறேகால் மணிக்கு அவன் பின் சந்தில் நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. மூன்று மணிக்கு அவன் கடை வாசலில் போட்ட கூச்சலைக் கேட்டவர்களும் உண்டு.

"ஆமா, கத்தினேன்" என்றான் ராகேஷ். கண் சிவந்திருந்தது. "என் தம்பி சோறு துன்ன கையில்லாம படுத்துகினு கீறான். யாரு தப்புன்னு சொல்லு நைனான்னு கேட்டேன். 'இதே மாடல் புதுசு ஒண்ணு வாங்கியாந்து ஓட்டிப் பாத்துட்டு இருக்கேன், நாளைக்குச் சொல்றேன்'னாரு. நாளைக்கு நாளைக்குன்னா கோவம் வராதா?"

"கோவத்துல என்ன பண்ணே?"

"இன்னா பண்ணேன்? எங்க டிராலி ஸ்பீக்கர்ல மைக் சொருகுற எடம் லூசாகிப் போச்சு. வேலைக்கின்னு போட்டுட்டு வந்தேன்."

"சண்டை போட்ட ஆள்கிட்டயே வேலையும் குடுத்தியா?"

"வேற யாருகிட்ட குடுக்குறது? அவரு மாதிரி யாரு பார்ப்பாங்க?" அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சாயங்காலம் ஆச்சான்னு கேக்கத்தான் வந்தேன். பாட்டு ஓடிச்சு. திரும்பவும் சண்டையாயிடும்னு போயிட்டேன்."

"மூணு மணிக்கப்புறம், சந்துக்கு வர்ற வரைக்கும் எங்க இருந்தே?"

"செம்பரம்பாக்கத்துல. கோயில் செட்டு எறக்கிகினு இருந்தேன். ஊரே பாத்துச்சு. அது இன்னாத்துக்கு இப்ப?"

இன்ஸ்பெக்டர் போனில் சுருக்கமாக முடித்தார். "பாட்டு ஆறரைக்கு நின்னுருக்கு. அப்ப அந்த ஸ்ரீராம் டீக்கடையில, அந்தம்மா படுக்கையில. ஒண்ணு விபத்து, இல்லேன்னா ராகேஷ். நாளைக்குள்ள முடிச்சிடுங்க."

*

சந்தேகம் பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி. நாக்கு சும்மா இருக்காது. மறுநாள் காலை சொர்ணம் ஸ்டேஷனில் இட்லியைப் பிட்டு வைத்தாள், வாயில் போடவில்லை.

சுருட்டி வைத்த ரப்பர் பாய். பெட்டிமேல் இரண்டு கைகள். இந்த இரண்டையும் விபத்து என்று விழுங்கிவிடலாம். ஆனால் 'என்னைக்கும் இல்லாம இன்னைக்குப் பாட்டு' என்றாளே ராணி? பகலெல்லாம் பெண்டாட்டி தூங்கும் வீட்டில், வருஷக்கணக்காக ஒருவர் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் செய்திருக்கிறார். ரிப்பேர் ஆனதா என்று தெரிய வேண்டுமானால் முழுச் சத்தத்தில் ஓட்டித்தான் ஆகவேண்டும். அவர் அதை எப்படிச் செய்தார்?

"ஏட்டய்யா, அந்த வாளி!"

"ஐயோ, கை கழுவினதுக்கு மெமோவா மேடம்?"

"வாங்க, வண்டியை எடுங்க."

கடைக் கதவின் போலீஸ் முத்திரையை உடைத்து மேஜையடியிலிருந்து வாளியை இழுத்தாள். தண்ணீர் ஆறியிருந்தது. அடியில் தடித்த கம்பிச் சுருள் ஒன்று கிடந்தது. அதன் இரண்டு முனைகளும் ஒயராக வெளியே நீண்டு, மேஜைக் காலைச் சுற்றிக் கிடந்தன. சொர்ணம் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் மேஜைக்கு வந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். கண்டென்சர்களில் தேங்கி நிற்கும் கரண்டை ஒரு சிறு பல்பு வழியாக வடித்தாள். மீட்டர் வைத்து, வடிந்ததை உறுதி செய்தாள். பிய்ந்திருந்த ஒயரைப் பெட்டியிலிருந்து விலக்கி டேப் சுற்றினாள். கடைசியாக டிரான்ஸ்ஃபார்மரின் கம்பி ஒன்றைப் பிளேடால் லேசாகச் சுரண்டினாள். மேலே செம்பு நிறம். உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம்.

"ஏட்டய்யா, மத்தியானம் எல்லாரையும் வரச் சொல்லுங்க. ஸ்ரீராமையும். 'நீங்கதான் விவரம் தெரிஞ்சவர், எங்களுக்குக் கொஞ்சம் விளக்கணும்'னு மரியாதையாக் கூப்பிடுங்க."

*

பிற்பகல் மூன்று மணி. ராணி உள்வாசலில் நின்றாள். யூசுப் ஸ்டூலில் உட்கார்ந்தார். ராகேஷ் பார்த்தசாரதியின் பக்கத்தில். ஸ்ரீராம் கடைசியாக, அதே கலையாத சட்டையோடு வந்தார்.

"காதுல இருக்கிறதக் கழட்டிடுங்க சார். நல்லா கேக்கணும்" என்றாள் சொர்ணம். ஸ்ரீராம் சிரித்துக்கொண்டே இயர்போனைக் கழற்றி அதன் டப்பாவில் போட்டு மூடினார்.

சொர்ணம் ரப்பர் பாயை விரித்து அதன்மேல் ஏறி நின்றாள். இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டாள். ராணி அதைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். ஆம்ப்ளிஃபையரின் பிளக் நேற்று இருந்தபடியே சீரிஸ் பல்புப் பலகையில் ஏறியது. பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. இப்பப் பாட்டு போடறேன். பாய், நேத்து கேட்ட சத்தம் வந்ததும் சொல்லுங்க."

பாட்டு மெல்ல ஆரம்பித்தது. திருகைத் திருப்பினாள். பம்பையின் ஒவ்வொரு அடிக்கும் பல்பு குபீரென்று எரிந்தது, சத்தம் தொண்டையை நெரித்ததுபோல் கம்மியது. இன்னும் திருப்பினாள். பாட்டு கரகரத்தது, விக்கியது, அம்மனே அலறிக்கொண்டு ஓடிவிடும்போல் இருந்தது.

"இது இல்ல மேடம்!" என்று யூசுப் காதைப் பொத்தினார். "நேத்து கணீர்னு இருந்துச்சுன்னு சொன்னேனே."

"கணீர்னு வராது பாய். கரண்டுக்கு நடுவுல பல்பு உக்காந்திருக்கு. சத்தம் ஏற ஏற ஆம்ப்ளிஃபையர் அதிகக் கரண்டு கேக்கும், பல்பு வழி விடாது. ஆக, நேத்துத் தெருவை அதிர வெச்ச பாட்டு இந்தப் பெட்டியிலருந்து வரலை."

ஸ்ரீராம் தலையை அசைத்தார். "நேரா கரண்டுல ஓட்டிட்டு, அப்புறம் பல்புக்கு மாத்தியிருக்கலாமே மேடம்."

"பாட்டு சட்டுனு நின்னுச்சு, உடனே ஓடினோம்னு சொன்னது நீங்க. செத்தவர் எழுந்து வந்து பிளக்கை மாத்தினாரா?"

சொர்ணம் வாளியைக் காலால் முன்னே நகர்த்தினாள்.

"உலகநாதன் பாட்டுப் போட்டு டெஸ்ட் பண்றவர் இல்ல. பொண்டாட்டி தூங்குறாங்க. அதுக்காக அவர் கண்டுபிடிச்ச வழி இது. ஸ்பீக்கருக்குப் பதிலா இந்தச் சுருள். ஆம்ப்ளிஃபையர் முழு பலத்தோட ஓடும், பலமெல்லாம் சூடா தண்ணியில இறங்கிடும். துளி சத்தம் வராது. நேத்து எங்க ஏட்டய்யா கை சுட்டுக்கிட்டாரே, ஞாபகம் இருக்கா? ஒரு வாளித் தண்ணி அப்படிக் காயணும்னா, மத்தியானத்துலருந்து மணிக்கணக்கா இந்த இடியோசையை முழு பலத்துல ஓட்டியிருக்காரு."

"எதுக்கு?" என்றான் ராகேஷ்.

"உன் தம்பிக்காக. டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு கொதிக்குதுன்னு பாத்திருக்காரு. செம்புன்னு சொல்லி வித்த பெட்டியில சாயம் பூசின அலுமினியம். அதுவும் நூல் மாதிரி. அன்னைக்கு மண்டபத்துல பத்தினது அதுதான். அதைச் சொல்லத்தான் ஸ்ரீராமைக் கூப்பிட்டாரு. ஸ்ரீராம் அஞ்சரைக்கு வரலை, அதுக்கு முன்னாடியே சந்து வழியா வந்துட்டாரு. உலகநாதன் குனிஞ்சு வாளியப் பாக்குறப்போ கரண்டு ஒயர் அவர் பிடரியில பட்டுச்சு. எங்க டாக்டர் இன்னைக்குக் காலையில அந்தக் கருகின தடத்தைப் பாத்துட்டாரு. அப்புறம்தான் ரெண்டு கையையும் பெட்டிமேல தூக்கி வெச்சது, செருப்பைக் கழட்டினது, ரப்பர் பாயைச் சுருட்டினது, உள்ள ஒயரைப் பிச்சுப் பெட்டியில தொட வெச்சது, சுருளைக் கழட்டிட்டு ஸ்பீக்கர் ஒயரை மாட்டினது எல்லாம். மெக்கானிக்னா சீரிஸ் பல்பு, டெஸ்ட்னா பாட்டு. திருமழிசைப் பட்டறையில அப்படித்தான். அதையே இங்கயும் ஜோடிச்சாரு."

"கதை நல்லா இருக்கு" என்றார் ஸ்ரீராம். வெண்ணெய் கொஞ்சம் உருகியிருந்தது. "நான் டீக்கடையில இருக்கேன். பாட்டு எங்கிருந்து வந்துச்சாம்?"

"அதைத்தான் கேக்கப் போறோம். ஏட்டய்யா, அதை ஆன் பண்ணுங்க."

பார்த்தசாரதி மூலையிலிருந்த டிராலி ஸ்பீக்கரின் திருகைத் திருப்பினார். பச்சை, நீலம் என்று விளக்குகள் ஓடின. பொம்மைக் குரலில் ஒரு பெண் இங்கிலீஷில் என்னவோ கொஞ்சினாள். பிறகு ஒரு நொடி மௌனம்.

"ப்ளூடூத் கனெக்டட்" என்றாள் அந்தப் பெண்.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்ரீராமின் கை மட்டும் தன் சட்டைப் பைக்குப் போனது. பார்த்தசாரதி அவரை முந்திக்கொண்டு அதிலிருந்த போனை உருவினார். திரையில் ஸ்பீக்கரின் பெயர் ஒளிர்ந்தது.

"கடைசியா எந்தப் போனோட சேர்ந்துச்சோ அதைத்தான் இது தேடும்" என்றாள் சொர்ணம். "ராகேஷ், இதை எப்பக் கொண்டாந்து போட்டே?"

"நேத்து மூணு மணிக்கு."

"சாயங்காலம் ஏழு மணியிலருந்து கடை எங்க கையில. ஸ்ரீராம் சார், பாட்டு நிக்கிற வரைக்கும் உள்ள கால்கூட வைக்கலைன்னீங்க. பிணத்தைப் பாத்தப்புறம் உக்காந்து இதுல போனைச் சேர்த்தீங்களா? தெருவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சுல போண்டா தின்னுக்கிட்டே பாட்டை ஓட்டினீங்க, நேரம் பாத்து நிறுத்தினீங்க. யூசுப் பாயைப் பின்பக்கம் அனுப்பிட்டு இதோட திருகை அணைச்சீங்க."

யூசுப் எச்சில் துப்புவதுபோல் வாயைத் துடைத்தார். "அந்தப் போண்டாவ நானும் துன்னேனே மேடம்!"

ராகேஷ் பாய்ந்தான். பார்த்தசாரதி அவனை இடுப்போடு சேர்த்துப் பிடித்தார். ஸ்ரீராம் சுவரோடு ஒட்டி நின்றார். குரலில் இப்போது நைச்சியம் ஒன்றும் இல்லை.

"யாரும் அப்படி டெஸ்ட் பண்ண மாட்டாங்க மேடம்" என்றார். "மணிக்கணக்கா முழு பலத்துல யாரு ஓட்டுவாங்க? எல்லாரும் ஒரு பாட்டு போட்டுப் பாத்துட்டு விட்டுடுவாங்க. அந்த மனுஷன் மட்டும் ஏன் அப்படி..."

பார்த்தசாரதி விலங்கை எடுத்தார்.

ஜீப் போன பிறகு சொர்ணம் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து அறிக்கையை எடுத்தாள். 'அஜாக்கிரதை' என்ற சொல்லைப் பேனாவால் அழுத்தி அடித்தாள். ராணி பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, வாளியைத் தன் பக்கம் இழுத்து, ஆறிப்போன தண்ணீரில் கையை விட்டாள்.

"தினமும் நான் எழுந்து வர்றப்போ முகம் கழுவ வெந்நீர் வெச்சிருப்பாரு மேடம். அடுப்புல காய வெச்சாருன்னு இருந்தேன். இதுலருந்துதான்போல."

சொர்ணம் தலையாட்டினாள்.

"அப்ப, நான் கொறைச்சுத் தொலைங்கன்னு கத்தினது?"

"அது அவர் காதுல விழலைம்மா. அந்தப் பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவர் போயிட்டாரு."

தெருக்கோடியில் கோயில் குழாய் புதுப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தது. ராணி ஈரக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு ஒரு நாளும் சத்தம் போட்டு என்னை எழுப்பல மேடம்" என்றாள். "அதையும் எழுதிக்குங்க."

சொர்ணம் எழுதினாள்.